இரண்டாவது நாற்காலியில் ஒரு கூண்டு

வீடியோவைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தவர் பேருந்து நிலைய மேலாளர். சிரித்ததோடு விட்டாரா? அறிவிப்பு அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "இதோ வந்துட்டேங்க!" என்று கீச்சுக் குரலில் நடித்தும் காட்டினார். அறிவிப்பாளரான அவள் அப்போது மைக்கின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பழைய பாலம் வழியாகத் துறைமுகம் செல்லும் பேருந்து நான்காவது நடைமேடையிலிருந்து புறப்படும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேலாளரின் கீச்சும் சேர்ந்தே ஒலிபெருக்கியில் போனது. மூட்டையோடு நின்றிருந்த ஒருவர், யார் எங்கே வந்துவிட்டார் என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்ன சார் இது?" என்றாள், பொத்தானை விட்டுவிட்டு.

"தெரியாத மாதிரி கேக்கறீங்களேம்மா! ஊரே பாக்குது, உங்க வீட்டுக் கிளிய."

கைபேசியை நீட்டினார். அவள் வீட்டுக் கூடம். ஜன்னலோரக் கூண்டு. உள்ளே மூக்கன், மிளகாய் என்று இரண்டு கிளிகள். மூக்கன் முதலில் "ம்க்கும்" என்று தொண்டையைச் செருமினான். பிறகு அவள் கணவரின் குரலில், அதே கனத்தில், அதே சலிப்பில், "ஏய், எங்க போய்த் தொலைஞ்ச?" என்றான். அடுத்த நொடியே மிளகாய் அவளுடைய குரலில், கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறவளின் மூச்சிரைப்புகூடப் பிசகாமல், "இதோ வந்துட்டேங்க!" என்றது.

"எவ்வளவு நேரம்?"

"வந்துட்டேன், வந்துட்டேன்."

"என் கண்ணாடி எங்க?"

"தலை மேலதாங்க இருக்கு."

கீழே மகள் எழுதியிருந்தாள்: ‘எங்க வீட்டு அப்பா, எங்க வீட்டு அம்மா.’ அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஜனங்கள் இதயம் இதயமாகக் கொட்டியிருந்தார்கள். ‘ஆஹா, என்ன அன்பு!’ ‘இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.’ ‘என் வீட்டில் இருப்பவளுக்கும் அனுப்பியிருக்கிறேன், பார்த்தாவது திருந்தட்டும்.’

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது.

"சிரிங்கம்மா, நல்லாத்தானே இருக்கு," என்றார் மேலாளர். "சரி, ஞாயித்துக்கிழமைய மறந்துடாதீங்க. ஒலிப்பதிவுக் கூடம் அந்த ஒரு நாள்தான் கிடைச்சிருக்கு."

மறப்பதாவது. நிலையத்துக்குப் புதிய இயந்திரம் வருகிறது. எண்கள், ஊர்கள், வழித்தடங்கள், வழக்கமான வாக்கியங்கள் எல்லாவற்றையும் அவள் குரலில் ஒரு முறை பதிந்து வைத்துவிட்டால், இயந்திரமே கோத்துக் கோத்துச் சொல்லிக்கொள்ளும். அவள் மேலே கட்டுப்பாட்டு அறைக்கு மேற்பார்வையாளராகப் போய்விடலாம். கீழே அவள் குரல் பாட்டுக்கு ஊரை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவள் வராவிட்டால், காத்திருப்பவள் மேலாளரின் மச்சினி. அந்த அம்மாளின் குரல் தொண்டையில் பிறந்து மூக்கில் குடியிருந்தது.

"அவ தயாராத்தான் இருக்கா," என்று மேலாளரே பெருமூச்சு விட்டார். "பயணிங்கதான் பாவம்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மகளைப் பிடித்தாள். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, சோபாவில் கைபேசியைத் தேடிக்கொண்டிருக்கிற மகள்.

"யாரைக் கேட்டுடி அதைப் போட்ட?"

"ஜாலிக்குத்தாம்மா போட்டேன். அப்பாவைத்தானே கிண்டல் பண்ணியிருக்கேன்."

"அப்பாவையா? எல்லாரும் என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க."

"சிரிக்கலம்மா, பாராட்டுறாங்க."

"அது இன்னும் மோசம்," என்றாள் அவள்.

அந்தக் கிளிகளை வளர்த்ததே அவள்தான். தட்டைக் கழுவி, தண்ணீர் மாற்றி, கூண்டுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, கொறித்துத் துப்பிய மிளகாய் விதைகளைத் தினமும் பெருக்கி எடுப்பவள் அவள்தான். அவை அழைப்பு மணி மாதிரி அடித்து அவளை வாசலுக்கு ஓட வைக்கும். அடுப்பில் எதுவுமே இல்லாதபோது குக்கர் மாதிரி விசிலடிக்கும். அதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் பொறுத்தாள். கணவர் மூக்கனுக்கு ‘வாழ்க இல்லறம்’ சொல்லித்தர ஒரு வருஷம் மல்லுக்கு நின்றார். மூக்கன் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவரை மேலும் கீழும் அளந்துவிட்டு, அவருடைய செருமலை மட்டும் எடுத்துக்கொண்டான். கிளி அகராதியைப் புரட்டிச் சொல் பொறுக்குவதில்லை. வீட்டில் எது உரக்கவும் ஓயாமலும் கேட்கிறதோ, அதைத்தான் கொத்தும்.

அவளைச் சுட்டதும் அதுதான். அங்கே அவள் வாயைத் திறந்தால் பேருந்து நகர்கிறது. இங்கே இத்தனை வருஷம் வாய் ஓயாமல் பேசியதில் கிளிக்குத் தேறியது ‘இதோ வந்துட்டேங்க’ மட்டும்தானா? அவள் பாடியிருக்கிறாள். மகளுக்குக் கதை சொல்லியிருக்கிறாள். காய்கறிக்காரனிடம் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறாள். அதில் ஒன்றுகூடவா அந்தப் பாழாய்ப்போன பறவையின் காதில் விழவில்லை?

இனி கணவரைப் பற்றி. அவர் ஓர் அலுவலகத்தில் உதவிக் கண்காணிப்பாளர். அது பகலில். மாலையில் அவர் இல்லற நல்லிணக்கப் பேரவையின் கொள்கை பரப்புச் செயலாளர். ‘இல்லறத்தில் செவிசாய்த்தல்’ என்ற தலைப்பில் இரண்டு மணி நேரம் யாரையும் வாய் திறக்க விடாமல் பேசுவார். தெருவில் அவருக்குப் பெயர் ‘மைக்’. தினமும் எட்டு மணி நேரம் மைக்கின் முன்னால் உட்காருகிறவள் அவர் மனைவி. ஆனால் பட்டம் யாருக்குப் போனது பாருங்கள்.

வீடியோவைப் பார்த்து அவருக்கு வெட்கமாயிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். வெட்கமா? மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் குரலில் கிளிகூடக் கம்பீரமாக இருக்கிறதே என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். மறுநாள் மாலை பேரவைத் தலைவரையும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். தலைவர் தொழிலில் பல் டாக்டர். சும்மாவே வாயெல்லாம் பல்.

"ஏய், எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கணவர் கூடத்திலிருந்து கூப்பிட்டார். இந்த முறை கூப்பிட்டது மூக்கன் இல்லை, அவரேதான்.

சமையலறையில் டீயை வடிகட்டிக்கொண்டிருந்த அவள் வாயைத் திறப்பதற்குள், "இதோ வந்துட்டேங்க!" என்றது மிளகாய்.

டாக்டர் தொடையில் தட்டிக்கொண்டார். "அடடா, அடடா! இதுக்கு மேல சாட்சி வேணுமா சார்? நாம மேடை போட்டுக் கத்துறோம். உங்க வீட்டுல கிளியே நல்லிணக்கம் பேசுது!"

"ஏதோ நம்மால முடிஞ்சது," என்று கணவர் அடக்கமாக விட்டத்தைப் பார்த்தார்.

டீத் தட்டோடு அவள் வந்து நின்றாள். டாக்டர் எழுந்து கும்பிட்டார். "மேடம், இந்த வருஷம் ‘இலட்சியத் தம்பதி’ விருது உங்களுக்குத்தான். ஞாயித்துக்கிழமை மாநாடு. மேடையில ரெண்டு நாற்காலி, நீங்களும் சாரும். சார் பேசுவார்."

"நான்?"

"நீங்க சிரிச்சா போதும் மேடம்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஒலிப்பதிவு இருக்குங்க டாக்டர். வேற நாள் கிடையாது. நான் போகலைன்னா வேற ஒருத்தர் பேசிடுவாங்க."

டாக்டரின் பற்கள் லேசாக மறைந்தன. கணவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் பாத்துக்கலாம் டாக்டர். இவ அப்படித்தான், முதல்ல ஏதாவது சொல்லுவா. அப்புறம் வந்துடுவா."

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்றது மிளகாய். கூடம் அதிரச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவள் மிளகாய்க்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். காலையில் தட்டை மாற்றும்போது முகத்தைக் கூண்டுக்கு நேராக வைத்துக்கொண்டு, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, "மு-டி-யா-து" என்றாள். நான்காவது நடைமேடைக்குச் சொல்வது போலவே இருந்தது. மிளகாய் அலகால் கம்பியைத் தேய்த்துவிட்டு, "தலை மேலதாங்க இருக்கு," என்றது.

"கிளியைத் திட்டி என்னம்மா ஆகப்போகுது?" என்றாள் மகள்.

"திட்டல. சொல்லிக்குடுக்கிறேன்."

"நீயே அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லையே. அது எப்படிக் கத்துக்கும்?"

அவள் மகளைப் போய்த் துணியை மடிக்கச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனபோது மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, வர முடியாதுன்னா என்கிட்ட நேரா சொல்லக் கூடாதா?"

"யார் வர முடியாதுன்னு சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்தான் போன் பண்ணாரே. குடும்ப விழாவாம், வேற ஆளை வெச்சுக்கோங்கன்னு. நான் மச்சினிகிட்ட சொல்லிட்டேன். அவ நேத்துலேருந்து வெந்நீர் குடிக்கிறா."

வெளியே ஒரு பேருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது. நடத்துநர் தகரத்தைத் தட்டி வா வா என்று கத்திக்கொண்டிருந்தார். போன் பண்ணினாராம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். இவ்வளவு காலமாக அவளுக்காக அவரே பசித்தார், அவளுக்காக அவரே களைத்தார், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன நிறப் புடவை என்பதுவரை அவளுக்காக அவரே விரும்பினார். கடைசியில் அவளுடைய குரல் வேண்டாம் என்றும் அவரே சொல்லிவிட்டார், அதுவும் அவளுடைய சார்பில்.

"சார், நான் வர்றேன்," என்றாள். "உங்க மச்சினி வெந்நீரை நிறுத்தலாம்."

"உங்க வீட்டுக்காரர்..."

"அவர் குரலையா சார் பதியப்போறீங்க?"

மேலாளர் கைபேசியில் மச்சினியின் எண்ணைத் தேடினார்.

அன்று மாலை கணவர் கண்ணாடி முன்னால் நின்று ஞாயிற்றுக்கிழமை பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லறம் என்பது, ம்க்கும், இரண்டு காதுகள்..."

"எனக்குப் பதிலா போன் பண்ண நீங்க யாருங்க?"

அவர் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். "நான் யாரா? இது என்ன கேள்வி? உன் புருஷன்."

"அது தெரியுது. போன் பண்ண யாருன்னு கேட்டேன்."

"இங்க பாரும்மா. பேனர் அடிச்சாச்சு. நம்ம ரெண்டு பேர் படமும் போட்டாச்சு. முன்னூறு பேர் வர்றாங்க. ஒரு மிஷினுக்கு ஒண்ணு ரெண்டு மூணு சொல்றதுக்காக அத்தனையையும் விட்டுட்டுப் போவியா?"

"நீங்க ரெண்டு மணி நேரம் பேசுறதுல ஒரு பஸ்ஸாவது நகர்ந்திருக்கா?"

மகள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணவரின் முகம் சிவந்தது. "எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. நீ வர்ற. அவ்வளவுதான்."

"இதோ வந்துட்டேங்க!" என்றது மிளகாய்.

"பாத்தியா!" என்று அவர் கூண்டை நோக்கிக் கையை நீட்டினார். "அந்தப் பறவைக்கு இருக்கிற பணிவு உனக்கு இருக்கா?"

அப்போதுதான் அவளுக்கு அந்த வார்த்தை வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. "அப்ப அதையே கூட்டிட்டுப் போங்க! பேனர்ல அதோட படத்தைப் போடுங்க! பக்கத்து நாற்காலியில அதையே உக்கார வெச்சுக் கொஞ்சுங்க! என்னால முடியாது!"

குரல் பக்கத்து வீடுவரை போயிருக்கும். கிளிகள் இரண்டும் இறகைச் சுருக்கிக்கொண்டு கூண்டின் மூலையில் ஒண்டின. கணவர் டாக்டருக்குப் போன் செய்ய மொட்டை மாடிக்குப் போனார்.

இரண்டு படித்தவர்கள் சேர்ந்து யோசித்தால் என்ன முடிவு வரும் என்பதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை விடை கிடைத்தது. கணவர் கூண்டைக் கழற்றித் துடைத்து, மேலே ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டருக்கு உன் யோசனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "இன்னும் பொருத்தமா இருக்கும்கிறார்."

அவள் கோபத்தில் சொன்னதை யோசனையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டிருந்தால் அதையும் அழகான யோசனை என்பார்கள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "மகராசி, கூண்டை வெயில்ல வெக்காம பாத்துக்கோ. பயந்துடும்," என்று மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து பிடிக்கப் போனாள்.

ஒலிப்பதிவுக் கூடம் ஓர் அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. சுவரெல்லாம் பஞ்சு. சிவப்பு விளக்கு எரிந்தால் பேசலாம், அணைந்தால் இருமலாம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் காதில் கருவி மாட்டிய ஒலிப்பதிவாளர்; நரைத்த மனிதர், கறாரானவர். ஒவ்வொரு எண்ணையும் மூன்று விதமாகச் சொல்ல வைத்தார்: வாக்கியத்தின் தொடக்கத்தில் வருகிற மாதிரி, நடுவில் வருகிற மாதிரி, முடிவில் வருகிற மாதிரி. பிறகு ஊர்கள். துறைமுகம், பழைய பாலம், மேற்குச் சந்தை. "அருமை மேடம்," என்றார் அவர். "உங்க குரலைக் கேட்டா டிக்கெட் எடுக்காதவன்கூட ஏறிடுவான்." கிளி சொல்லாத பாராட்டு இது என்று அவளுக்குத் தோன்றியது.

மதிய இடைவேளையில் மகள் கூப்பிட்டாள். வீடியோ அழைப்பு. "அம்மா, பேசாம பாரு," என்று கிசுகிசுத்துவிட்டு, கைபேசியை மேடைப் பக்கம் திருப்பினாள்.

‘இலட்சியத் தம்பதி’ என்று பேனர். கீழே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கணவர். இன்னொன்றில், ரிப்பன் கட்டிய கூண்டு.

டாக்டர் மைக்கில் சொன்னார்: "சாரின் துணைவியார் உடல்நலக் குறைவால் வர இயலவில்லை. ஆயினும், அவருடைய குரல் வந்திருக்கிறது!"

கைத்தட்டல். அவள் கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். உடல்நலக் குறைவாம்! ஒரே நாளில் அவளைக் கிளியாகவும் ஆக்கி நோயாளியாகவும் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்னூறு பேர் கைதட்டுகிறார்கள்.

டாக்டர் மைக்கைக் கூண்டுக்கு நேராக வைத்தார். சபை மூச்சைப் பிடித்தது. மூக்கன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு விளக்கைப் பார்த்தான். மிளகாய் முகத்தை இறகுக்குள் புதைத்துக்கொண்டது. வீட்டு ஜன்னலோரத்தில் வாய் ஓயாத ஜீவன்கள். மேளம் போல் கைத்தட்டலும் கண்ணைக் குத்தும் வெளிச்சமுமாக இருந்தால் எந்தக் கிளி பேசும்? இதை யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கிறவள் ஊரின் மறுகோடியில் சோற்றுப் பொட்டலத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார்," என்றார் டாக்டர்.

கணவர் எழுந்தார். செருமினார். மைக்கைப் பிடித்தார். கூண்டைப் பார்த்து, "ஏய், எங்க போய்த் தொலைஞ்ச?" என்றார்.

சபையில் சிரிப்பு. மிளகாய் அசையவில்லை.

"ஏய், எங்க போய்த் தொலைஞ்ச?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"எவ்வளவு நேரம்? உன்னைத்தான்! காது கேக்கல? எங்க போய்த் தொலைஞ்ச?"

இப்போது அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததும் குரல் வீட்டுக் குரலாகிவிட்டது. ஒலிபெருக்கி அதை எட்டு மடங்காக்கிக் கூடத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. கிளியின் வாயில் கொஞ்சலாக இருந்த அதே வார்த்தை, ஒரு பெரிய மனிதர் நாற்காலியின் பக்கம் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு கத்தும்போது வேறு மாதிரி இருந்தது. முன்வரிசைப் பெண்கள் சிலர் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பக்கத்திலிருந்த தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அவசரமாகக் கூரை விசிறியைப் பார்த்தார்.

"பதில் சொல்லு!" என்றார் கணவர்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது. அவர்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருக்கும் தையற்கார அம்மாள். "ஐயா, அவங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. காலையில பஸ் ஏறி வேலைக்குப் போனாங்க. கிளிய விடுங்க, பாவம், நடுங்குது!"

இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. பெண்களிடம் கிளம்பி, ஆண்களிடம் பரவி, மேடை ஏறியது. டாக்டரின் முகத்தில் இருந்த பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கணவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் வாழ்க்கையில் மைக் கையிலிருந்தும் பேச்சு வராமல் நின்றது அதுதான் முதல் தடவை.

படம் ஒரு தரம் ஆடி, மகளின் முகம் வந்தது. "அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்பா உன்கிட்டப் பேசணுமாம். போன் பண்ணச் சொல்றார்."

"எனக்கு வேலை இருக்குன்னு சொல்லு. நீ முதல்ல மேடைக்குப் போய் கூண்டு மேல துணியைப் போட்டு மூடு. தண்ணி வை."

"அப்பாவுக்கு?"

"அவருக்குக் கை இருக்கு. தானே எடுத்துக் குடிப்பார்."

கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் பசியும் இருந்தது.

மாலைக்குள் ஊர்களும் வழித்தடங்களும் முடிந்தன. சிவப்பு விளக்கு மீண்டும் எரிந்தது. "கடைசி வாக்கியம் மேடம்," என்றார் ஒலிப்பதிவாளர். "தாமத அறிவிப்பு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "தாமதத்தினால் உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் புருவத்தைச் சுருக்கினார். "சுத்தமா இருக்கு. ஆனா வருத்தம் தெரியலையே மேடம். இன்னொரு தடவை."

சொன்னாள்.

"ம்ஹூம். கொஞ்சம் மனசு இளகிச் சொல்லுங்க. யாரோ உங்களுக்காக ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்காங்கன்னு நெனச்சுக்கோங்க."

அவள் நினைத்துப் பார்த்தாள். நன்றாகவே நினைத்துப் பார்த்தாள். மூன்றாவது முறை சொன்னபோது, குரல் முன்னைவிடவும் உற்சாகமாக வந்தது.

ஒலிப்பதிவாளர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார்.

"இதுக்கு மேல வராது சார்," என்றாள் அவள். "இதையே வெச்சுக்கோங்க."